மாற்றாள் வரும்வரை

2018. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு ஹோட்டல், முதல் மாடி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. கையில் ஒரு மஞ்சள் மேலங்கியைக் கொடுத்து, "இந்த அறை வாசலில் நில்லுங்கள். கூட்டம் அதிகமானால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒருவர் வேகமாகப் போனார். ஆறரை மணிவரை அவர் திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை.

அறிவியல் புனைகதை, ஃபேன்டசி ரசிகர்கள் தாங்களே கூடி நடத்தும் கன்வென்ஷன் அது. 'கான்' என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் போன முதல் கான். வாசகனாகத்தான் போயிருந்தேன். பதிவு மேசையில் 'தன்னார்வலர்கள் தேவை' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும், ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்கும் பழக்கத்தில் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கூட்டம் அதிகமானால் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? அந்த அறைக்குள் 60 பேருக்கு மேல் விடக்கூடாது என்று கதவோரம் சின்னதாக ஒரு பலகை இருந்தது. மூன்று மணி நிகழ்ச்சிக்கு 80 பேர் வந்தார்கள். "இடம் இல்லை" என்று சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டா என்று தெரியவில்லை. கேட்டு வரலாம் என்றால் கதவை விட்டு நகர முடியாது. நாலு மணி நிகழ்ச்சிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா வந்தார். முன்வரிசையில் அவரைப் போன்றவர்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் யாரோ இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்புவதா, பேசிக்கொண்டிருப்பவர்களை நிறுத்துவதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அவர் "பரவாயில்லை" என்று சொல்லி, சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் யாருடைய பேச்சைக் கேட்க ரயிலேறி வந்தேனோ அந்த எழுத்தாளர் ஐந்து மணிக்குப் பக்கத்து அறையில் பேசினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பொலி மட்டும் கேட்டது.

கால் வலியும் தாகமும் அன்றைக்கே போய்விட்டன. அந்த "பரவாயில்லை" போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசியில் குறைகேட்புக்கென்று ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் கான்களில் இது பழைய வழக்கம். நடத்தியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, வந்தவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்வார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். தலைவர் சாக்குச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்து நாங்கள் ஒன்று நடத்தும்போது தன்னார்வலர்கள் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேண்டாம் என்றுதான் மனதில் இருந்தது.

இந்த இடத்தில், இப்படிப்பட்ட கான்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் நடக்கிற காமிக் கான் போன்றவை நிறுவனங்கள் நடத்துபவை. சீட்டு வாங்கினால் நாம் வாடிக்கையாளர். ரசிகர்கள் நடத்தும் கானில் விற்பது சீட்டு இல்லை, உறுப்பினர் கட்டணம். தலைவர், பொருளாளர், பேனலில் பேசுபவர், கதவருகே நிற்பவர், பெரும்பாலும் எல்லோரும் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் வருகிறார்கள். கௌரவ விருந்தினர்களுக்கு விலக்கு உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. கணக்கு முடிந்து பணம் மிஞ்சினால் வேலை செய்தவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கம், உலக அளவில் கூடும் பெரிய கானான வேர்ல்ட்கானில் இருக்கிறது. மிஞ்சினால்தான்.

இதன் வேர் பழையது. 1937 ஜனவரி 3-ஆம் தேதி லீட்ஸ் நகரில் 20 பேர் அளவில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். உலகின் முதல் அறிவியல் புனைகதை கன்வென்ஷன் அதுதான் என்பது பிரிட்டிஷ் ரசிகர்களின் கட்சி. 1936-லேயே ஃபிலடெல்ஃபியாவில் நடந்துவிட்டது என்பார்கள் அமெரிக்கர்கள். லீட்ஸுக்கு வந்தவர்களில் ஆர்தர் சி. கிளார்க் என்ற 19 வயது இளைஞரும் ஒருவர். பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008-ல் கொழும்பில் மறைந்த அதே கிளார்க்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் வேர்ல்ட்கான் கூடியது. போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை நின்றுபோய், 1946 முதல் திரும்பவும் நடந்து வருகிறது. எந்த ஊரில், எந்தக் குழு நடத்துவது என்பதை உறுப்பினர்களே முன்கூட்டி வாக்களித்து முடிவு செய்வார்கள். பிரிட்டனில் ஈஸ்டர் விடுமுறையில் கூடும் ஈஸ்டர்கானும் அப்படியே.

அதாவது நிரந்தர அலுவலகமோ ஊழியர்களோ கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறொரு குழு, வேறொரு கட்டடம். போன முறை கற்றுக்கொண்டது அடுத்த முறைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொன்னால்தான் உண்டு. கதவருகே நின்று களைத்து, இனிமேல் வரவே மாட்டேன் என்று ஒருவர் போய்விட்டால் அவர் கற்றதும் கூடவே போய்விடுகிறது. கான்கள் ஆட்களை இழப்பது வேலை அதிகம் என்பதால் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிற்க வைத்துவிட்டு மறந்துபோவதால்தான் இழக்கின்றன.

என் மனதை மாற்றியது டப்ளின். 2019 ஆகஸ்ட் 15 முதல் 19 வரை நடந்தது, அயர்லாந்தின் முதல் வேர்ல்ட்கான். லிஃபி ஆற்றங்கரையில், கண்ணாடி உருளையைச் சாய்த்து வைத்ததுபோல் நிற்கும் கன்வென்ஷன் சென்டரில் பெரும்பகுதி. மீதி, ஆற்றை ஒட்டிக் கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் வரும் பாயின்ட் ஸ்கொயர் பகுதியில். இரண்டுக்கும் நடுவே லுவாஸ் டிராம் உண்டு. சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனேன். ஆனால் இரண்டாம் நாள் காலையில் தன்னார்வலர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

கோஃபர் என்பார்கள் இந்த வேலைக்கு வருபவர்களை. 'போய் எடுத்து வா' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர். மேசையில் இருந்த பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது, "இன்றைக்கு எந்த நிகழ்ச்சியைத் தவறவிடக் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள்?" என்பது. அடுத்து, "நிற்பது கஷ்டமா? படி ஏறுவது கஷ்டமா?" அதற்குப் பிறகுதான் வேலையைச் சொன்னார். வழி கேட்டு வருகிறவர்களுக்குப் பாயின்ட் ஸ்கொயருக்கு எப்படிப் போவதென்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரைத்தாளில் எழுதியும் கொடுத்தார்: நடப்பதற்கு எவ்வளவு நேரம், டிராம் எங்கே ஏறுவது, தெரியாததைக் கேட்டால் யாரிடம் அனுப்புவது, என் நேரம் எப்போது முடிகிறது.

இரண்டு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்பு ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்கள் தமிழோ?" என்றாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது டொராண்டோவில். "நீங்கள் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்றாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தபோதுதான் போன வருடம் எனக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று புரிந்தது. என் இடத்தில் நிற்க ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை. அது இருந்தால் ஆறு மணி நேரம்கூட அலுப்பில்லாமல் வேலை பார்த்துவிடலாம்.

கோஃபர்களுக்கு க்ரோட் என்ற பெயரில் சீட்டுகளும் தந்தார்கள். க்ரோட் என்பது இங்கிலாந்தின் பழைய நாலு பென்ஸ் நாணயம். செய்த நேரத்துக்கு ஏற்பத் தரும் அந்தச் சீட்டுகளைக் கொடுத்து அங்கேயே விற்பனை மேசைகளில் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். கூலி என்று சொல்ல முடியாத அளவுதான். ஆனால் 'நீ நின்றதை நாங்கள் கணக்கில் வைத்திருக்கிறோம்' என்று அது சொல்லும். அதில் வாங்கிய பழைய பேப்பர்பேக் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அந்தத் தலைவருக்குச் சரி என்று எழுதினேன். நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது. கடைசியில் எங்கள் கான் 2023-ல் நடந்தது. மூன்று நாள், மூன்று நிகழ்ச்சி அறைகள், 250 உறுப்பினர்கள்.

ஹோட்டல் பேச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பொருளாளரின் வேலை. பதினெட்டு மாதத்துக்கு முன்பே தொடங்கினோம். நம் ஆட்கள் எத்தனை படுக்கையறை எடுப்பார்கள் என்பதை வைத்துத்தான் மண்டப வாடகையைப் பேசுவார்கள். அறைகள் நிறைய போனால் மண்டபம் மலிவாகும். ஆனால் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை நிரம்பாவிட்டால் மீதியை நாம் கட்ட வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கும். அதைத் தேடிப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: தன்னார்வலர்களுக்கென்று ஒரு சின்ன அறை, அதில் நாங்களே டீ, பிஸ்கட், பழம் வைத்துக்கொள்ள அனுமதி. அந்த அறை இல்லாமல் போயிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மாலைவரை நிகழ்ச்சி நடக்கும் நேரம் 26 மணி. மூன்று அறை வாசல்களுக்கு ஒவ்வொருவர், 78 மணி நேரம். பதிவு மேசைக்கு வெள்ளிக்கிழமை இரண்டு பேர், மற்ற நாட்களில் ஒருவர், 34. எல்லாத் தகவலும் வந்து சேரும் ஆப்ஸ் அறைக்கு 26. பேச்சாளர்கள் கூடும் கிரீன் ரூமுக்கு 26. ஓவியக் கண்காட்சிக்கு 17. வெள்ளி காலை மேசை நாற்காலி போடப் பத்துப் பேர் நாலு மணி நேரம், ஞாயிறு மாலை எல்லாவற்றையும் பிரித்துக் கட்டப் பத்துப் பேர் மூன்று மணி நேரம். கூட்டினால் 251 மணி நேரம். ஒருவரிடம் மூன்று நாளில் ஆறு மணி நேரம் கேட்கலாம், அதுவும் இரண்டிரண்டு மணி நேரமாக. அதற்கு மேல் கேட்டால் அவர் கானுக்கு வந்ததற்கே பொருள் இல்லை. அப்படியானால் 42 பேர் வேண்டும். வருகிறவர்களில் ஆறில் ஒருவர்.

இந்தக் கணக்கை யார் போட்டாலும் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். முன்பு பல கான்களில் இதைப் போடாமல், வருகிற பதினைந்து பேரை வைத்து இழுத்திருக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது அதனால்தான் என்று அப்போது விளங்கியது.

42 பேரை எப்படிச் சேர்ப்பது? 'தன்னார்வலர்கள் தேவை' என்று பொதுவாக அறிவித்தால் ஏற்கெனவே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் அதே ஆட்கள்தான் வருவார்கள். அதனால் உறுப்பினர் படிவத்திலேயே "உங்களால் இரண்டு மணி நேரம் தர முடியுமா?" என்று கேட்டோம். முடியும் என்றவர்களுக்கு நான் தனித்தனியாக எழுதினேன்: "சனிக்கிழமை 11 முதல் 1 வரை, இரண்டாவது அறை வாசல். உட்கார நாற்காலி உண்டு. உங்களுக்கு அடுத்து வருபவர் இன்னார்." தொடக்கமும் முடிவும் தெரிந்தால் மனிதர்கள் சரி என்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களும் சொல்கிறார்கள். சொல்லப்போனால், யாரையும் தெரியாமல் தனியாக வந்தவர்களுக்கு ஒரு வேலை கையில் இருப்பது பேச்சைத் தொடங்க நல்ல வழி. டப்ளின் பெரியவர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் மறக்காமல் சேர்த்தேன்.

குழுக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் வந்தது வேறொன்றுக்கு. எப்போதும் இரண்டு பேரை எந்த வேலையும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு வாசலாகப் போய், "டீ குடிக்கணுமா? பாத்ரூம் போகணுமா? ஐந்து நிமிடம் நான் நிற்கிறேன்" என்று கேட்பது மட்டுமே அவர்கள் வேலை. "ஆளே பத்தாதபோது இரண்டு பேரைச் சும்மா விடுவதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எனக்கு அப்போது பெரியப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தோளில் துண்டோடு சுற்றிக்கொண்டே இருப்பார். சாம்பார் வாளியோடு வியர்த்து நிற்கும் பையனிடமிருந்து வாளியை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, "நீ போய் இலையில உட்காரு, அப்புறம் வா" என்பார். மூன்றாம் பந்தியிலும் பரிமாறுகிறவர்கள் சிரித்த முகமாக இருந்தால் அதற்கு அவர்தான் காரணம். இதைக் குழுவிடம் அப்படியே சொன்னேன். கல்யாணப் பந்தி என்றால் என்ன என்று அவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது. ஆனால் புரிந்தது. ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலைக்குள், அந்த இரண்டு பேர் இல்லாமல் எப்படி நடத்தினோம் முன்பெல்லாம் என்று தலைவரே கேட்டார்.

ஒவ்வொரு வாசலிலும் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கவிட்டோம். அறைக்குள் எத்தனை பேர். நிரம்பியதும் நிறுத்தும் அதிகாரம் வாசலில் நிற்பவருக்கு உண்டு, யாராவது வாதாடினால் ஆப்ஸ் அறைக்கு அனுப்பலாம். வாக்கி-டாக்கியில் எந்த சேனல். அடுத்து அந்த இடத்தில் நிற்க வரும் மாற்றாளின் பெயர். அவர் பத்து நிமிடம் முன்னதாக வர வேண்டும், முந்தியவர் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மாற்றாள் வராவிட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம், கூப்பிடுங்கள். இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

சக்கர நாற்காலி இடங்களை நீல நிற டேப்பால் தரையில் கட்டமாக ஒட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடுவே யாராவது போய்ப் பார்க்க வைத்தோம். ஏனென்றால் நாற்காலிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு நகர்த்துவதில்லை, நண்பரின் பக்கத்தில் உட்கார இழுத்துப் போடுகிறார்கள். முன்வரிசையில் இரண்டு இருக்கைகள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு. மைக் விஷயத்தில் யாருக்கும் சலுகை கிடையாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். "எனக்குக் குரல் பெரிசு, மைக் வேண்டாம்" என்று எல்லா கானிலும் யாராவது ஒரு பேச்சாளர் சொல்வார். "எல்லோருக்கும் கேட்கிறதா?" என்று அவையைக் கேட்பார். கேட்காதவருக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்காது. கேட்டாலும், நூறு பேர் நடுவில் கை தூக்கித் தன் செவியைப் பற்றி அறிவிக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளக்கூடாது. மைக்கைக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பதிவு மேசையில் பழக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்ஜில் இருக்கும் பெயர் அவர் விரும்பும் பெயர். வங்கி அட்டையிலோ அடையாள அட்டையிலோ வேறு பெயர் இருக்கலாம், அதைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. உறுப்பினர் எண்ணைக் கேட்டுத் தேடினால் போதும். இரண்டு நிமிடப் பயிற்சிதான், ஆனால் சிலருக்கு அந்த மூன்று நாளும் நன்றாக அமைவது இதில்தான் இருக்கிறது.

தொல்லை, அத்துமீறல் என்று யாராவது வந்து சொன்னால் கோஃபர் விசாரிக்கக் கூடாது. உட்கார வைத்து, கேட்டு, "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டு, ஆப்ஸில் அதற்கென்று இருக்கும் இரண்டு பேரிடம் கூட்டிப் போக வேண்டும். பிறகு வேறு யாரிடமும் அதைப் பேசக் கூடாது. இதை நாங்கள் வாயால் சொன்னதோடு விடாமல் ஒருமுறை நடித்தும் பார்த்தோம். செய்து பார்க்காதவர்கள் அந்த நேரத்தில் பதறி, "யார், எப்போது, சாட்சி உண்டா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டிலும் நான் ஒரு பெரிய ஓட்டை விட்டிருந்தேன். எல்லோருக்கும் மாற்றாள் போட்ட அட்டவணையில் எனக்கு மாற்றாள் இல்லை. வெள்ளியும் சனியுமாகச் சேர்த்து நாலு மணி நேரம் தூங்கியிருப்பேன். சனிக்கிழமை இரவு ஒரு நிகழ்ச்சியை மூன்றாவது அறையிலிருந்து முதல் அறைக்கு மாற்றினோம். ஞாயிறு காலை அந்த மாற்றத்தை அட்டவணையில் ஏற்ற மறந்துவிட்டேன். முதல்முறையாகக் கானுக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் காலி அறையின் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றாள். நான் 2018-ல் நின்ற மாதிரியே. சுற்றி வருகிற இரண்டு பேரில் ஒருவர்தான் அவளைக் கண்டுபிடித்தார். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

பொருளாளர் என் கையிலிருந்து வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டு, மதியம்வரை இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அறைக்கு அனுப்பிவிட்டார். கான் ரசிகர்களிடையே 5-2-1 என்று ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்குக் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளை நல்ல சாப்பாடு, 1 குளியல். சிலர் தூக்கத்தை 6 என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற அறிவுரை என்றுதான் அதை நினைத்திருந்தேன். பொறுப்பில் இருப்பவருக்குத்தான் அது முதலில் வேண்டும். அவர் தூங்காமல் செய்யும் தவறுக்கு இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். இப்போது யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் பெயருக்கு எதிரே, அதே பொறுப்போடு, இன்னொரு பெயரை எழுதுங்கள். எழுத ஆள் கிடைக்கவில்லையா, ஒரு அறையைக் குறைத்து இரண்டு அறையோடு நடத்துங்கள்.

ஞாயிறு மாலை பிரித்துக் கட்டும் வேலைக்குப் பெயர் கொடுத்த பத்துப் பேரில் ஆறு பேர்தான் நின்றார்கள். மற்றவர்களுக்கு ரயில் நேரம். இது எங்கும் நடப்பது. திங்கட்கிழமை காலைதான் கிளம்புகிறோம் என்று முன்பே சொன்னவர்களை மட்டும் அந்த வேலைக்குப் போட வேண்டும். முடிந்ததும் கடைசியாக மிஞ்சியவர்கள் கூடி உட்காரும் விருந்துக்கு 'டெட் டாக் பார்ட்டி' என்று பெயர். அசையக்கூட முடியாமல் கிடப்பவர்களின் விருந்து. அந்தக் கல்லூரிப் பெண்ணும் வந்திருந்தாள். அடுத்த கானில் ஓவியக் கண்காட்சியைத் தான் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

2024 ஆகஸ்ட் 8 முதல் 12 வரை வேர்ல்ட்கான் கிளாஸ்கோவுக்கு வந்தது. 1995, 2005-க்குப் பிறகு அந்த ஊரில் மூன்றாவது முறை. கிளைட் ஆற்றங்கரையில் உள்ள எஸ்.இ.சி. மாநாட்டு வளாகம், பக்கத்திலேயே ஓடுகளை அடுக்கியதுபோல் இருக்கும் ஆர்மடில்லோ அரங்கம். ரசிகர் கௌரவ விருந்தினர்களாக கிளேர் பிரையலியும் மார்க் பிளம்மரும். எழுத்தாளர்களுக்குச் சமமாக, பல வருடம் கான்களுக்கு உழைத்த ரசிகர்களையும் மேடையில் உட்கார வைப்பது இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

பொறுப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் கோஃபராகப் பெயர் கொடுத்தேன். ஒரு மதியம் கதவருகே போட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு இளைஞர் வந்து நின்றார். "நான் உங்கள் மாற்றாள். என்ன நடந்திருக்கிறது, சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். இப்போது நடப்பது இன்னும் பத்து நிமிடத்தில் முடியும். இரண்டாவது கதவு இழுத்தால் சத்தம் போடுகிறது, மெதுவாக விட வேண்டும். முன்வரிசை இடதுபக்கக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் அடுத்த நிகழ்ச்சிக்கு வருவதாகக் காலையிலேயே சொல்லிப் போயிருக்கிறார், அவர் வரும்வரை அங்கே யாரும் நாற்காலி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ விட்டுப்போன பச்சைத் தொப்பி நாற்காலிக்கு அடியில் இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். நான் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் தொடங்கவிருந்த பேச்சைக் கேட்கப் போனேன்.